சாமியா கேட்ட மூன்று நாள்

அப்துல் நாசர் சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அறந்தாங்கிக்கு வருவார். வந்தால் ஒரு மாதம், கூடிப்போனால் நாற்பது நாள். அந்த நாட்கள் ஒருபோதும் அவர் கையில் இருந்ததில்லை. கல்யாணம், மய்யத்து, பெயர் வைப்பு, பத்திர ஆபீஸ், போர் மோட்டார் ரிப்பேர் என்று ஊரும் உறவும் அவரைப் பங்கு போட்டுக்கொள்ளும். அவர் மனைவி சாமியாவுக்கு மிஞ்சுவது, திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகும் காரில் பின்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான்.

இந்த முறை அவர் டிக்கெட் போட்ட அன்றே அவள் ஃபோனில் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவை மூணு நாளு எனக்கு வேணுங்க."

"வர்ற எல்லா நாளும் ஒனக்குத்தானே?"

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். மூணு நாள் போதும். மலைக்குப் போவணும்."

"அவ்வளவுதானா? கொடைக்கானலுக்குக் கார் புடிச்சுப் போயிட்டு வந்துருவோம்."

"கார்ல இல்லங்க. நடந்து. காட்டுக்குள்ள நடந்து பாக்கணும்."

 லைன் கட்டாகிவிட்டதோ என்று சாமியா ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு நாசர், "சரி" என்றார்.

இந்த ஆசை அவளுக்கு வந்தது பக்கத்து வீட்டு வனிதாவால். வனிதா பள்ளிக்கூட ஆசிரியை. இருவரும் விடிந்ததும் கண்மாய்க்கரையில் நடக்கப் போகிறவர்கள். கரையின் அந்த முனைக்குப் போவதற்குள் வனிதாவுக்குப் பேசவேண்டியதெல்லாம் தீர்ந்துவிடும். சாமியாதான், "இன்னொரு சுத்து போவமா டீச்சர்?" என்று கேட்பாள். போன கோடை விடுமுறையில் வனிதா தன் பள்ளி ஆசிரியைகளோடு மூணாறு போனாள். அங்கிருந்து இன்னும் மேலே, பாம்பாடும் சோலை என்ற தேசியப் பூங்காவுக்குள் காட்டிலாகா ஆள் துணையோடு நடந்துவிட்டு வந்தாள். ஃபோனில் எடுத்த வீடியோவைச் சாமியாவிடம் காட்டினாள். பட்டப்பகலில் இருட்டிக் கிடந்த காடு. மரமெல்லாம் பாசி பிடித்துக் குட்டையாக முறுக்கிக்கொண்டு நின்றது. எங்கோ ஒரு பறவை ஒரே குரலில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. அவ்வளவுதான் வீடியோ. சாமியா அதைத் தன் ஃபோனுக்கு அனுப்பி வாங்கிக்கொண்டாள். குக்கர் விசிலுக்குக் காத்து நிற்கும் நேரமெல்லாம் அதைப் போட்டுப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்த மலை நார்த்தாமலை. அதுவும் பஸ் ஜன்னலில் வந்து மறையும் மொட்டைப் பாறை. எந்த மலையின் மேலும் தன் கால் பட்டதேயில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மகன் முகம்மது சுல்தான் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். காட்டுக்குள் நடப்பதற்கும் அங்கேயே மரவீட்டில் தங்குவதற்கும் அவன்தான் ஆன்லைனில் பதிவு செய்து கொடுத்தான். "அத்தா நடப்பாங்களாம்மா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டான்.

நாசர் வந்து இறங்கிய ஒரு வாரத்தில் கோட்டைப்பட்டினத்திலிருந்து அவருடைய மச்சான் பத்திரிகையோடு வந்தார். மச்சானின் மகனுக்கு நிக்காஹ். தேதியைப் பார்த்தால் சாமியா கேட்ட மூன்று நாளில் நடுநாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நாசர் மெல்ல ஆரம்பித்தார். "மலை எங்கயும் ஓடிப் போயிராது. அடுத்த லீவுல…"

நாசரின் தாய் ஹவ்வா உம்மாளும் சேர்ந்துகொண்டார். "பேரே பாம்பாடுற சோலையாம். அங்க போயி என்னத்தப் பாக்க? பாம்பையா?"

சாமியா மீன் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் போறேங்க. சுல்தான் ரெண்டு பேருக்குப் போட்டுட்டான். நீங்க வாரதுன்னா வாங்க. இல்ல, கல்யாணத்துக்குப் போறதுன்னாலும் போங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நான் போறேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் 'நான் போறேன்' என்று அவள் சொன்னதில்லை. 'போகட்டுமா' என்றுதான் கேட்டிருக்கிறாள். நாசர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஹவ்வா உம்மாள் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் மகனைக் கூப்பிட்டு அவரே கேட்டார்.

"அவளத் தனியா அனுப்பிட்டு ஒனக்குக் கல்யாணச் சோறு தொண்டையில எறங்குமாடா? போயிட்டு வா. மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன்."

காரைக்குடி, மதுரை, தேனி, போடி, மூணாறு என்று பஸ் மாறி மாறிப் போனார்கள். கார்த்திகை மாதம். போடியைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் சாமியா ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். வளைவுக்கு வளைவு கீழே இருந்த ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. காதில் ஏதோ அடைத்தது, பிறகு பட்டென்று விட்டது. அவள் சிரித்தாள். நாசர் பஸ்ஸுக்குள் இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வந்தார்.

"நல்லா ஓட்டுறாரு," என்றார் ஓட்டுநரைப் பார்த்தபடி. "அங்க நம்ம ரோடு ஈர்க்குச்சி போட்ட மாதிரி நேரா இருக்கும். ஸ்டீரிங்கத் திருப்புறதுக்கே வேலையில்ல."

பூங்காவின் செக்போஸ்ட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. குளிர் வெறுமனே தோலில் நிற்காமல் உள்ளே போனது. நடத்திக் கூட்டிப் போகும் வழிகாட்டி ரகுநாத் வந்து மலையாளத்தில் ஏதோ கேட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள். நாசர் மலையாளத்திலேயே பதில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஏதோ கிண்டலும் அடித்தார்போல. ரகுநாத் விழுந்து விழுந்து சிரித்தார்.

சாமியா அப்படியே நின்றுவிட்டாள். தன் புருஷன் இப்படி மளமளவென்று வேறு பாஷை பேசி அவள் கேட்டதில்லை.

"இது எப்பங்க படிச்சீங்க?"

"படிக்கிறதா? ரூம்ல இருக்குறவனுகள்ல பாதிப்பேரு மலப்புரத்துக்காரனுக. நான் பேசலன்னா எனக்குச் சோறு கெடைக்காது."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே."

"நீ கேக்கவேயில்லையே," என்றார் நாசர். அவருக்கு இலேசான வெட்கம்.

மறுநாள் காலை பனி இன்னும் விலகாதபோதே புறப்பட்டார்கள். புறப்படும்போதே ஒரு தகராறு. குளிருக்கென்று நாசர் தம்மாமிலிருந்து கொண்டு வந்திருந்தது கம்பெனி கொடுத்த ஜாக்கெட். பளீரென்ற ஆரஞ்சு நிறம், நெஞ்சிலும் முதுகிலும் மின்னும் பட்டை. ரகுநாத் அதைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டார். காட்டுக்குள் இந்த நிறம் கூடாது, மிருகங்கள் ஒரு மைலுக்கு அப்பால் ஓடிப்போகும் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். சாமியா தன் சாம்பல் நிறச் சால்வையை எடுத்து அவர் தோளில் சுற்றி, முனையை இடுப்பில் சொருகிவிட்டாள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேனா?" என்றார் நாசர்.

"நடங்க."

அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க ரகுநாத் கொடுத்த துணி உறையை முழங்கால் வரை கட்டிக்கொண்டு ரோட்டிலிருந்து விலகி உள்ளே இறங்கினார்கள். பத்தடி போவதற்குள் வெளிச்சம் மாறிவிட்டது. வெயிலில் இருந்து சாமான் அறைக்குள் நுழைந்ததுபோல் கண் தடுமாறியது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் சின்னச் செடி, அந்தச் செடியின் இலை நுனியில் ஒரு சொட்டு. காலுக்குக் கீழே மண் மெத்தைபோல அமுங்கியது. எங்கு பார்த்தாலும் தண்ணீர் கசியும் சத்தம், ஆனால் தண்ணீர் கண்ணில் படவில்லை. சாமியா ஒரு மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்து, ஈரமாக, ஆட்டுக்குட்டி முதுகு போல் இருந்தது.

வீடியோவில் கேட்ட பறவை அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டது.

"அதாங்க," என்று நாசரின் கையைத் தட்டினாள். "அந்தப் பறவைதாங்க. எனக்கு மனப்பாடம்."

நாசருக்குப் பறவையில் கவனம் இல்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி உறையின் மேல் நூல் போல ஓர் அட்டை நிமிர்ந்து, வளைந்து, அளந்து அளந்து ஏறியது. தட்டிவிட்டால் விரலில் ஒட்டியது. விரலை உதறினால் மறு விரலுக்குப் போனது. சாமியா அதை இரண்டு நகத்தால் நிமிண்டி எடுத்து எறிந்தாள்.

"எத்தன டன் வண்டி ஓட்டுறீங்க?"

"வண்டி வேற, இது வேற."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ரகுநாத் சட்டென்று வலது கையை உயர்த்தினார். இருவரும் நின்றார்கள். முதலில் வந்தது வாசம்தான். தொழுவத்தில் அடிக்கும் அதே வாசம், ஆனால் அதைவிடக் காட்டமாக. அப்புறம் நாணல் புதர் முறியும் சத்தம். ரகுநாத் திரும்பாமலே அவர்களைக் கைச்சாடையால் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் ஒதுக்கினார்.

காட்டெருமை. முதலாவது பாதையில் வந்து நின்றபோது அது ஒரு மிருகம் என்றே சாமியாவின் மனதுக்குப் படவில்லை. நனைந்த பாறை ஒன்று நகர்ந்து வந்ததுபோல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் சாக்ஸ் போட்டதுபோல வெள்ளை. மூச்சு ஆவியாக வந்தது. அது அவர்கள் பக்கம் தலையைத் திருப்பியது.

நாசர் சாமியாவின் மணிக்கட்டைப் பிடித்தார். கடைத்தெருவில் போனால்கூட இரண்டடி முன்னால் நடக்கிற மனிதர். அந்தப் பிடியில் வளையல் அழுந்தியது. அவர் உதடு ஓதிக்கொண்டிருந்தது. சாமியாவுக்குப் பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் ஓடச் சொல்லும் பயமாக இல்லை. இன்னும் நன்றாகப் பார்க்கச் சொன்னது. அவள் மரத்தின் ஓரமாகத் தலையை நீட்டினாள்.

பெரியது அவர்களைப் பொருட்படுத்தாமல் பாதையைக் கடந்தது. அதன் பின்னால் ஒன்று, இன்னொன்று, மேலும் இரண்டு. கடைசியாக ஒரு கன்று வந்தது. பழுப்பு நிறம். அது மட்டும் நடுப்பாதையில் நின்று, காதை விரித்து, இவர்களையே உற்றுப் பார்த்தது. சாமியாவும் பார்த்தாள். உள்ளேயிருந்து தாயின் உறுமல் வந்ததும் துள்ளிக்கொண்டு ஓடியது.

ரகுநாத் கையைக் கீழே இறக்கினார். நாசர் மூச்சு விட்டார்.

"மாஷா அல்லாஹ்," என்றாள் சாமியா.  அடக்கப் பார்த்தும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "அது என்னையப் பாத்துச்சுங்க. நீங்க பாத்தீங்களா, அது என்னையவே பாத்துச்சு."

"நான் கண்ணை மூடியில்ல நின்னேன்," என்றார் நாசர். அவரும் சிரித்துவிட்டார்.

சோலை முடிந்து புல்வெளிச் சரிவு தொடங்கியது. மேலே ஒரு மேடு. அதன் உச்சியில் போய் நின்றால் தமிழ்நாட்டுப் பக்கம் முழுவதும் தெரியும் என்றார் ரகுநாத். சாமியா முன்னால் ஏறினாள். கண்மாய்க்கரையில் பழகிய கால்கள், சரிவுக்கும் பழகிக்கொண்டன. நெஞ்சு அடித்துக்கொண்டது, முகத்தில் காற்று ஊசியாகக் குத்தியது, ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு வேகம் கூடியது.

பாதிச் சரிவில் திரும்பிப் பார்த்தபோது நாசர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். ரகுநாத் அவர் பக்கத்தில் நின்றார். சாமியா இறங்கி வந்தாள்.

"முடியல சாமியா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கிட்டே ஒக்காந்திருக்கேன்."

ரகுநாத் தலையை ஆட்டினார். ஒருவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக அனுமதி இல்லை. ஏறினால் மூன்று பேரும், இறங்கினால் மூன்று பேரும்.

சாமியா மேட்டைப் பார்த்தாள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. அதற்கு மேல் வெறும் வானம்.  "சரி, எறங்குவோம்" என்று சொல்ல வாயெடுத்தவள், நாசரின் முகத்தைக் கவனித்தாள். மூச்சு வாங்குகிற முகம் இல்லை அது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற முகம்.

"மூச்சு முட்டுதா, கால் வலிக்குதா?"

"ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்."

"ஃபோன்ல சொல்ற மாதிரி சொல்லாதீங்க. நான் இங்க எதுத்தாப்புலதான் நிக்கிறேன்."

நாசர் அவளைப் பார்த்தார். குனிந்து இடது ஷூவைக் கழற்றினார். குதிகாலில் தோல் உரிந்து, சாக்ஸ் இரத்தத்தில் ஒட்டியிருந்தது. வலதும் அப்படியே. இந்தப் பயணத்துக்கென்றே தம்மாமில் தள்ளுபடியில் வாங்கிய ஷூ. அவருடைய அளவு இல்லை, அதைவிடச் சின்னது. நல்ல சரக்கு, போடப் போட இளகிவிடும் என்று வாங்கிவிட்டார். காலை முதல் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"காலைலயே சொல்றதுக்கென்ன?"

"நீ அவ்வளவு ஆசையா வந்திருக்க. சொன்னா திரும்பிருவோம்னு சொல்லிருவ."

"இப்ப மட்டும் என்ன?"

 சாமியா பாறையில் உட்கார்ந்து தன் ஷூவின் நாடாவை அவிழ்த்தாள். அவள் போட்டிருந்தது மகன் வீட்டில் விட்டுப்போன பழைய ஷூ. அவளுக்குப் பெரிது. முன்பக்கம் துணியை அடைத்து, இரண்டு சாக்ஸ் மாட்டி, எப்படியோ சரிக்கட்டியிருந்தாள். மகனுக்கு அப்பனின் பாதம். அடைத்த துணியை எடுத்து வெளியே போட்டாள். ரகுநாத் பையிலிருந்து மருந்தும் பஞ்சும் எடுத்துக் கொடுத்தார். நாசரின் குதிகாலைத் துடைத்து, பஞ்சு வைத்து, தன்னுடைய இரண்டு ஜோடி சாக்ஸில் வெளிப்புறம் இருந்த ஜோடியை அவருக்கு மாட்டிவிட்டாள்.

"இதப் போட்டு நடந்து பாருங்க."

"ஒனக்கு?"

"ஒங்க ஷூவக் குடுங்க."

நாசரின் புது ஷூவுக்குள் அவள் கால் கொஞ்சம் ஆடியது. துணியைத் திரும்ப அடைத்ததும் நின்றது. எழுந்து நாலடி வைத்துப் பார்த்தாள். அருமையான ஷூ. நாசரும் எழுந்தார். ஓர் அடி, இன்னோர் அடி. முகம் தெளிந்தது.

"பயலுக்கு எப்ப என் காலு வந்துச்சு?" என்றார்.

"நீங்க அங்க இருந்தப்ப," என்றாள் சாமியா.

நாசர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மிச்சச் சரிவை அப்படியே ஏறினார்கள்.

உச்சிக்குப் போனபோது ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து மேட்டை மூடிக்கொண்டது. நாலு எட்டுக்கு அப்பால் வெள்ளை. ரகுநாத் வருத்தப்பட்டார். சில நாள் இப்படித்தான், நாள் முழுக்க விலகாது என்றார். மூவரும் காற்று படாத ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து சப்பாத்தியும் முட்டைக்கறியும் சாப்பிட்டார்கள். கறி ஆறி உறைந்திருந்தது. அவ்வளவு ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை என்று சாமியாவுக்குத் தோன்றியது.

அப்போதுதான் நாசர், "அங்க என்னமோ போகுது," என்றார்.

மேட்டுக்குக் கீழே, சோலையின் விளிம்பில், சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் அது நின்றது. பூனையை விடப் பெரிது, நாயை விடச் சின்னது. கறுப்பு உடம்பு, உடம்பு நீளத்துக்கு வால். கழுத்திலும் நெஞ்சிலும் மட்டும் மஞ்சள், மாம்பழத் தோல் போல. பின்னங்காலில் எழும்பி மூக்கைத் தூக்கி இவர்கள் பக்கம் மோப்பம் பிடித்தது.

ரகுநாத்தின் கையிலிருந்த சப்பாத்தி கீழே விழுந்தது. "மார்ட்டன்," என்றார் காற்றாக. ஃபோனை எடுக்க ஜேப்பில் கைவிட்டார். ஃபோன் துணியில் சிக்கிக்கொண்டது. அதற்குள் இன்னொன்று கிளையின் அடியிலிருந்து பாய்ந்து வந்து முதலாவதை இடித்தது. இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, நிழலுக்குள் போய்விட்டன. ஃபோன் வெளியே வந்தபோது மரம் மட்டும்தான் இருந்தது.

ரகுநாத் புல்லில் உட்கார்ந்து தலையில் கைவைத்துச் சிரித்தார். பிறகு நாசரிடம் மூச்சுவிடாமல் மலையாளத்தில் பேசினார். நாசர் சாமியாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஒரு வகை மரநாயாம். இந்த மலைத்தொடர்லதான் இருக்குமாம், வேற எங்கயும் கெடையாதாம். இவரு இங்க வேலைக்கு வந்ததுலேர்ந்து ரெண்டே தடவதான் பாத்துருக்காராம். அதுவும் தூரத்துல. சோடியா இன்னிக்குத்தானாம். ஆபீஸ்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்களாம். நாம சாட்சி சொல்லணுமாம்."

"சொல்லுவோம்," என்றாள் சாமியா. "யார்ட்ட வேணும்னாலும் சொல்லுவோம். மொதல்ல கண்டுபுடிச்சது நீங்கன்னு சொல்லுங்க அவருகிட்ட."

"அது அவருக்கே தெரியும்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

நாசர் சொன்னார். ரகுநாத் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சால்வை போர்த்திய நாசர், பரிசு வாங்கியவர் போல் நிமிர்ந்து நின்றார்.

எழுந்து கிளம்பும் நேரத்தில் காற்று திசை மாறியது. மேகத்தின் நடுவே ஒரு கிழிசல் விழுந்தது. அந்தக் கிழிசல் அகன்றுகொண்டே போனது. முதலில் காலடியில் மலையின் விலா தெரிந்தது, கல்லும் புல்லுமாக நேரே கீழே இறங்கியது. அதன் கீழே இன்னொரு மலை, அதன் கீழே இன்னொன்று. எல்லாவற்றுக்கும் கீழே, வெயிலில் கிடந்தது சமவெளி. வயல் சதுரங்கள், ஒரு கண்மாயின் மினுக்கல், நூல் போல ஒரு ரோடு. ரோட்டில் எறும்புகூட இல்லை, அதைவிடச் சின்னதாக ஏதோ ஊர்ந்தது.

"அந்த மாதிரி பஸ்லதானே நேத்து ஒக்காந்து வந்தோம்," என்றாள் சாமியா.

 பாலைவன ரோட்டில் நாள் முழுக்க ஒரே கோட்டைப் பார்த்து ஓட்டுகிற நாசரின் கண்கள், எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தன. அவர், "என்னைய இழுத்துட்டு வந்ததுக்கு…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். அவள் அவர் தோளில் நழுவியிருந்த சால்வையைச் சரி செய்தாள்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சோலைக்குள் அது மழையாகத் தெரியவில்லை, இலைகள்தான் பேசிக்கொண்டன. தொப்பலாக நனைந்து செக்போஸ்ட்டுக்கு வந்தார்கள். அங்கிருந்த வனத்துறை ஆட்களிடம் ரகுநாத் கதையைச் சொன்னார். அவர் சொன்னபடியே ஒருவரும் நம்பவில்லை. நாசர் கட்டன் சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று சாட்சி சொன்னார். கழுத்து மஞ்சள் எதுவரை இருந்தது, வால் எவ்வளவு நீளம், இரண்டாவது எந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் சாமியா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அவர்கள் நம்பிவிட்டதாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் இன்னொரு டம்ளர் சாயா வந்தது.

மறுநாள் காலை பஸ் ஒன்பது மணிக்கு மேல்தான். விடிந்ததும் சாமியா எழுந்து பார்த்தபோது நாசர் படுக்கையில் இல்லை. மரவீட்டின் படியில் உட்கார்ந்து குதிகாலில் புதுப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார்.

"பழைய கொடைக்கானல் ரோடு ஒன்னு காட்டுக்குள்ள போகுதாம்," என்றார். "இப்ப வண்டி விடுறதில்லையாம். வேற ஒரு வழிகாட்டி இருக்காங்க, பொம்பளையாளு. காலைல கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போறேன்னாங்க. பஸ்ஸுக்குள்ள திரும்பிரலாம்."

"கால் தாங்குமா?"

"வலிக்குது," என்றார் நாசர். "கொஞ்சம் வலிக்குது. நடக்கலாம்."

சாமியா உள்ளே போய் அவசர அவசரமாக நாடாவைக் கட்டினாள். வெளியே வந்தபோது வெயில் அப்போதுதான் மரத்தின் உச்சிகளைத் தொட்டிருந்தது. கீழே இன்னும் நீலமாக இருந்தது. வழிகாட்டி அம்மா கேட்டைத் திறந்து காத்திருந்தார். பழைய ரோட்டில் தார் பெயர்ந்து, வெடிப்பெல்லாம் புல் முளைத்திருந்தது. கொஞ்ச தூரத்தில் ஈர மண்ணில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காலடி. அதற்குள் தேங்கிய மழைத்தண்ணீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது.

"யானை," என்றார் வழிகாட்டி தமிழிலேயே. "இப்பத்தான் போயிருக்கு."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அடுத்த காலடி அதற்கு முன்னால், அப்படியே வரிசையாக வளைவு வரை. சாமியா நாசரைப் பார்த்தாள், திரும்பிவிடலாம் என்று சொல்லப்போகிறாரோ என்று.

"மெதுவா போவோமா?" என்று நாசர் வழிகாட்டியிடம் கேட்டார். "பின்னாலயே, சத்தம் போடாம?"